படபடப்பின் இலக்கணம்: ஏலமலைப் பெண்களின் பயத்தை யார் எப்படி வாசிக்கிறார்கள்?

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ‘பதற்றம்’ என்ற சொல்லைப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசும்போது சொல்லிக் கேட்பது அரிது. அது செய்தித்தாளின் சொல். இரண்டு ஊருக்கு நடுவே தகராறு என்றால் ‘பதற்றம் நிலவுகிறது’ என்று எழுதுவார்கள். வீட்டிலும் ஜீப்பிலும் ஏலக்காட்டிலும் புழங்குவது வேறு சொற்கள். படபடன்னு வருது, நெஞ்சு திக்குதிக்குங்குது, கைகால் வெடவெடங்குது, கிறுகிறுன்னு வருது, மூச்சு முட்டுது, ஈரக்கொலை நடுங்குது.

பள்ளியில் நாம் படித்த இரட்டைக்கிளவி இங்கே ஒரு மருத்துவக் குறிப்பாக மாறியிருக்கிறது. பிரித்தால் பொருள் தராத சொற்கள், உடம்புக்குள் கேட்கும் சத்தத்தை அப்படியே வெளியே கொண்டுவருகின்றன. இந்த வாக்கியங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவற்றில் ‘நான்’ எழுவாயாக வருவதே இல்லை. ‘எனக்குப் படபடன்னு வருது’ என்பதுதான் அமைப்பு. படபடப்பு எங்கிருந்தோ வருகிறது, வந்து அவள்மேல் இறங்குகிறது. மனத்தைச் சொல்வதற்கு அவர்களிடம் இருப்பது அநேகமாக ஒரே ஒரு சொல்தான்: ‘யோசனை’. ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று ஒரு பெண் சொன்னால், அவள் சிந்தனையாளர் ஆகிவிட்டாள் என்று பொருள் அல்ல. இரவெல்லாம் தூங்கவில்லை என்று பொருள்.

எங்கிருந்து வருகிறது என்று அந்த வாக்கியமே கேட்கத் தூண்டுகிறது. ஆனால் அவளைச் சுற்றி இருக்கும் வாசகர்கள் அந்தக் கேள்வியை அவரவர் வசதிப்படி வாசித்துக்கொள்கிறார்கள். சினிமா ஒரு விதமாக, மருத்துவமனை ஒரு விதமாக, மந்திரிப்பவர் ஒரு விதமாக, பத்திரிகையின் ஆலோசனைப் பக்கம் ஒரு விதமாக வாசிக்கிறது. இந்த வாசிப்புகளை வாசிப்பதே இக்கட்டுரையின் வேலை.

மலையில் பயப்பட என்ன இருக்கிறது?

முதலில் காரணங்களைப் பார்ப்போம். போடியிலிருந்தும் சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் போன்ற ஊர்களிலிருந்தும் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுகிறார்கள். போடிமெட்டுக்குப் போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல், உடும்பன்சோலை. விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குச் சட்டியில் அடைத்து, ஜீப்பில் ஏறவேண்டும். அந்த ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சட்டம் சொல்வதும், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு என்று சாலையோரம் நிற்கும் எவருக்கும் தெரியும்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில் இருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. அதனால் காய் எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட்டு, சில வாரங்களில் அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். மழை, அட்டை, வழுக்கு. பூச்சிமருந்து அதிகமாக அடிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. ஒதுங்கக் கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குழந்தைக் காப்பகம் என்றெல்லாம் சொன்னது. ஆனால் காலையில் ஒரு மாநிலத்திலிருந்து வந்து மாலையில் இன்னொரு மாநிலத்துக்குத் திரும்பிவிடும் தினக்கூலிப் பெண் எந்தப் பதிவேட்டில் இருப்பாள்?

இதற்கு மேல் எல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, அணை இருதரப்புத் தலைவர்களின் பேச்சாக இருந்தது. எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போயிருந்த தமிழ்ப் பெண்களுக்கோ அது அன்று மாலை வீடு திரும்ப முடியுமா என்ற கேள்வியாக இருந்தது. காட்டுப் பாதை வழியாக நடந்தே இறங்கி வந்த குடும்பங்கள் உண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கு அதே எல்லையை மறுபடி மூடியது. அதே 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அதன்பின் மலையில் இரவு மழை பெய்தால் தூக்கம் வராதவளை ‘வீணாகப் பயப்படுகிறாள்’ என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

யானையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 மே மாதம் ‘அரிக்கொம்பன்’ கம்பம் நகரத் தெருவில் நடந்தபோது தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சின்னக்கானல் பக்கத்துத் தோட்டங்களில் அந்த யானை வீட்டுச் சுவரையும் ரேஷன் கடையையும் உடைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், விடியற்காலை இருட்டில் வேலைக்குக் கிளம்பிய பெண்களின் பயம் செய்தியாகவில்லை. நகரத்துக்கு வந்த பிறகுதான் பயம் பயமாயிற்று.

மலையைவிட வீட்டுக்குள் இருக்கும் பயம் பெரிது. குழுக் கடனின் வாரத் தவணை அதில் முதலாவது. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற எல்லோரும் அவள் வாசலில் நிற்க வேண்டிய ஏற்பாடு அது. கடன்காரனின் வேலையைத் தோழியின் தலையில் கட்டுகிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிப் பின் சரிந்தது. கூலி அப்படி ஏறுவதில்லை. விலை சரியும்போது வேலைநாள் மட்டும் குறைகிறது. தவணை நாள் குறைவதில்லை.

சினிமாவின் வாசிப்பு

இந்த மலையைப் பற்றித் தமிழில் வந்த மிக நேர்மையான படைப்பு லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. விஜய் சேதுபதி தயாரிப்பு, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. ஏலமூட்டை சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை. நிலம் கைக்கு வருவதும் போவதுமாக அவன் வாழ்க்கை கழிகிறது. இறுதியில் கடனில் நிலம் கைவிட்டுப் போய், காற்றாலை சுற்றும் அதே மண்ணில் அவன் காவலாளியாக உட்கார்கிறான். ஆண்டனியின் முகத்தில் மலையின் களைப்பு முழுவதும் இருக்கிறது. தோட்டத்துக்கும் சமவெளிக்கும் நடுவே உழைப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறில்லை. அந்தப் பாராட்டில் எனக்கு எந்தக் குறையும் வைக்க விருப்பமில்லை.

ஆனால் இப்படத்தில் பயம் யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் ஒரு கோணல் தெரிகிறது. சேர்த்து வைத்த ஏலக்காய் மூட்டை சரிந்து பள்ளத்தில் சிதறும் காட்சியில் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது ரங்கசாமியின் நெஞ்சு. அவனுடைய இழப்பு மலையின் அளவுக்கு விரிகிறது, சமூகத்தின் துயரமாகிறது. அவன் மனைவி ஈஸ்வரியாகக் காயத்ரி கிருஷ்ணா நடித்திருக்கிறார். ரங்கசாமி சிறைக்குப் போன பிறகு குழந்தையோடு அவள் தனியே கழிக்கும் ஆண்டுகளைப் படம் விரைவாகக் கடந்துவிடுகிறது. கடன் வளர்ந்த ஆண்டுகள் அவைதாம். வாசலில் யார் வந்து நின்றார்கள், இரவில் தாழ்ப்பாளை எத்தனை முறை சரிபார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டாளா பிள்ளையை விட்டாளா — கதையின் மிகப் பெரிய பதற்றம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நிலத்தை இழந்தவன் ரங்கசாமி என்று நினைத்துக்கொண்டே வெளியே வருகிறோம். நிலத்தைக் காப்பாற்ற முடியாமல் ஒவ்வொரு நாளாக இழந்தவள் அவள்.

இது லெனின் பாரதி ஒருவரின் குறை அல்ல. தோட்டத்தைப் பற்றிய நம் எழுத்து மரபே இப்படி அமைந்திருக்கிறது. 1930-களில் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’, வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் வந்த ‘எரியும் பனிக்காடு’ இரண்டும் பெண்ணுடம்பின் மேல் நிகழ்ந்த கொடுமையை மறைக்காமல் சொன்னவை. கொடுமை நிகழ்ந்தால் அது சம்பவம், சம்பவத்தை எழுதிவிடலாம். நிகழுமோ நிகழுமோ என்று காத்திருக்கும் நாட்களுக்குச் சம்பவம் இல்லை. பதற்றம் என்பது பெரும்பாலும் எதுவும் நடக்காத நேரத்தில் இருப்பது. கதை சொல்வதற்கு அது தோதுப்படாது. ஆனால் ஒரு பெண்ணின் ஆயுளில் சம்பவம் சில மணிநேரம் என்றால் காத்திருப்பு பல ஆண்டுகள். அந்தக் கணக்கை நம் யதார்த்தவாதம் இன்னும் போடவில்லை.

அதே 2018-இல், மார்ச் 11 அன்று, குரங்கணி மலைக்காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வந்த குழுவில் பெண்கள் அதிகம். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் அந்தப் பகுதி மக்கள். அடுத்த சில வாரங்கள் தீயைப் பற்றியும் அனுமதிச் சீட்டைப் பற்றியும் நிறையப் பேசினோம். கருகிய உடல்களைத் தூக்கி இறக்கியவர்களின் உறக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

ஓ.பி. சீட்டின் வாசிப்பு

படபடப்போடு மருத்துவமனைக்குப் போகும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு ஊசி, கொஞ்சம் சத்து மாத்திரை, கையில் காசிருந்தால் தனியாரிடம் ஒரு குளுக்கோஸ் பாட்டில். பாட்டில் ஏறி முடிக்கும் வரை அவள் படுத்திருக்கலாம். அந்த ஒரு மணிநேரம்தான் உண்மையில் வேலை செய்த மருந்தோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘ஒன்றுமில்லை, சும்மா படபடப்புதான்’ என்ற தீர்ப்போடு அவள் வீடு திரும்புகிறாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லுமுன் சோதிக்க வேண்டியவை உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) கணக்குப்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகைக்கும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கிறுகிறுக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும், தூக்கம் கெடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் வியர்க்கும், நடுக்கம் வரும், மனமும் அலையும். ஆக, மலையிலிருந்து இறங்கி வந்தவளின் படபடப்பை ‘மனசுதான்’ என்று தள்ளுவதும் தவறு, ஊசியோடு முடித்து மனத்தைக் கேட்காமல் விடுவதும் தவறு. இரண்டிலும் நடப்பது ஒன்றே: அவள் சொன்னதைக் கேட்க நேரம் ஒதுக்கவில்லை.

மருத்துவம் பெண்ணின் பயத்தைக் கேட்காமல் போனதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் மனம் தளர்ந்த பெண்களுக்கு ‘ஓய்வுச் சிகிச்சை’ விதித்தார்: படுத்திரு, படிக்காதே, எழுதாதே. அச்சிகிச்சைக்கு ஆளான சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892-இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற கதையை எழுதினார். அறைக்குள் பூட்டப்பட்ட நடுத்தர வர்க்கப் பெண்ணின் கதை அது. ஏலமலைப் பெண்ணுக்குப் பூட்டி வைக்க அறையும் இல்லை, விதிக்க ஓய்வும் இல்லை. ஆனால் ‘ரொம்ப யோசிக்காதே’ என்ற மருந்துச் சீட்டு மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

மந்திரிப்பவரின் வாசிப்பு

மருத்துவமனைக்கு முன்போ பின்போ திருநீறு போடுதல், கயிறு கட்டுதல், பயந்த கோளாறுக்கு மந்திரித்தல் எல்லாம் நடக்கும். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. மந்திரிப்பவர் குறைந்தபட்சம் ‘எங்கே பயந்தே?’ என்று கேட்கிறார். எந்த இடம், எந்த நேரம், யார் கூட இருந்தார்கள் என்று கேட்கிறார். பல ஓ.பி. சீட்டுகள் கேட்காத கேள்வி அது.

ஆனால் அந்தக் கேள்விக்கு அங்கே எந்தப் பதில் ஏற்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தென்னார்க்காடு பகுதியில் பேயோட்டுதலை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபொக்கோவ் 1997-இல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். பேய் பிடிப்பது பெரும்பாலும் மணமாகிச் சில காலமே ஆன பெண்களை. பிடிப்பதாகச் சொல்லப்படும் பேய் அகாலமாக இறந்த ஆண். சடங்கு முடியும்போது பெண் மறுபடி மனைவியாக ஒப்படைக்கப்படுகிறாள். ‘புளியமரத்தடியில் பயந்தேன்’ என்று சொல்லலாம். ‘வீட்டுக்குள் பயந்தேன்’ என்று சொல்ல அந்தச் சடங்கில் இடம் இல்லை.

இங்கே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்கிறேன். தேனி மாவட்டம் முழுவதிலுமிருந்து பெண்கள் தீச்சட்டி ஏந்தி வருவார்கள். கை நடுங்கும், உடம்பு குலுங்கும், மூச்சு இரைக்கும், கண் செருகும். வேறொரு நாளில் வந்தால் நோய் என்று சொல்லப்படும் அதே குறிகள் அன்று அருள். கூட்டம் விலகி வழிவிடுகிறது. ஆண்கள் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆண்டில் ஒரு நாள் அந்த நடுக்கத்துக்கு மரியாதை கிடைக்கிறது என்பதை அந்தப் பெண்களின் ஆறுதலிலிருந்து கழித்துவிட முடியாது. மீதி நாட்களில் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது நம் வேலை.

ஆலோசனைப் பக்கத்தின் வாசிப்பு

வார இதழ்களின் பெண்கள் பக்கத்தில் ‘மன அழுத்தம் குறைய 10 வழிகள்’ அடிக்கடி வரும். காலையில் அரைமணி நேரம் நடங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள். பசுமையான இடத்துக்குப் போய்வாருங்கள். ஏலக்காய்த் தேநீர் அருந்துங்கள் என்றுகூட ஒன்றில் இருக்கும். இவற்றைக் காய் எடுக்கும் பெண்ணின் நாளோடு வைத்துப் பாருங்கள். அவள் நாள் முழுக்கப் பசுமையில்தான் இருக்கிறாள், சரிவில்தான் நடக்கிறாள், ஏலக்காய் அவள் விரல் நகத்துக்குள் இருக்கிறது. ஆலோசனை எழுதியவர் மனத்தில் இருந்த பெண்ணுக்கு வீட்டில் வேலைக்கு ஒரு பெண் இருக்கிறாள். அந்த இன்னொரு பெண்ணுக்கு ஆலோசனைப் பக்கம் இல்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பதற்றத்துக்கான நல்ல சிகிச்சை முறைகளில் ஒன்று, பயப்படும் சூழலைத் தவிர்க்காமல் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பது உண்மை. லிப்டில் ஏறப் பயப்படுபவருக்கு இது பலன் தருகிறது, ஏனென்றால் அங்கே அடிக்கும் அபாய மணி பொய் மணி. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பில் 17 வளைவு இறங்கும்போது அடிக்கும் மணி பொய்யா? அவள் தினமும் அந்தச் சூழலை எதிர்கொள்ளத்தான் செய்கிறாள், தவிர்க்க அவளிடம் கூலி இல்லை. அங்கே முதல் சிகிச்சை ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது. மனத்தைப் பழக்குவது அதற்குப் பிறகு.

பெண்களின் வாசிப்பு

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் செய்ததை இந்த இடத்தில் படிக்க வேண்டும். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரில் பேசிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ அப்படித்தான் பிறந்தது. போனஸ் கோரிக்கை வென்றது. பிறகு தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. இதற்கு விலையும் இருந்தது. குழுவுக்குள் பிளவு வந்தது. 2017 ஏப்ரலில் அன்றைய கேரள அமைச்சர் எம்.எம். மணி அப்போராட்டப் பெண்களின் ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்திப் பேச, அவர்கள் மறுபடி மூணாற்றுச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

போராட்டம் பதற்றத்தைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. சாலையில் படுத்த இரவுகளில் அவர்களுக்குப் படபடக்காமலா இருந்திருக்கும்? ஆனால் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சமையலறையில் தனியாகப் போட்ட கணக்கு அங்கே எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று தெரிந்தது. தனியாக இருக்கும்போது ‘எனக்குத்தான் மனசு சரியில்லை’ என்பது, சேர்ந்து உட்காரும்போது ‘நமக்குக் கூலி சரியில்லை’ என்று ஆகிறது.

இதன் சிறு வடிவம் அன்றாடம் நடக்கிறது. ஒரே ஜீப்பில் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கம், நிரை பிடித்துக் காய் எடுக்கும்போது ஓயாத பேச்சு, வயசான அக்காவிடம் மட்டும் சொல்லப்படும் வீட்டுச் சங்கதி, மயக்கம் வந்தவளின் கூடையில் யாரோ இரண்டு கை காய் போடுவது எல்லாம் அதுதான். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய ‘நட்பு பெஞ்சு’ இதை முறைப்படுத்தியது. அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்குப் பெயர் ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். நம் ‘யோசனை’யேதான். பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவரின் பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து அதற்கு அடுத்த அடி என்ன என்று சேர்ந்து யோசிக்கிறார்கள். அது உண்மையில் பலன் தருகிறது என்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. போடியில் அப்படி ஒரு பெஞ்சுக்குத் தகுதியான பாட்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. பயிற்சியும் படியும் தருவதற்குத்தான் ஆள் வேண்டும்.

பெண்ணிய வாசிப்புக்கு ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் தரப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. பதற்றம் முழுவதும் சமூகம் செய்தது, சமூகம் மாறினால் சரியாகும் என்று எழுதிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம். இரவு இரண்டு மணிக்கு ‘இதோ செத்துவிடுவேன்’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளால் அதுவரை காத்திருக்க முடியாது. 2015–16 தேசிய மனநல ஆய்வு, பதற்றம் போன்ற பாதிப்புகள் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு என்றும், மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் காட்டியது. இந்தியப் பெண்ணியத்துக்குள் இந்த இடைவெளியைத் தொடர்ந்து பேசியவர் பார்கவி தாவர். பெண்ணின் மனவேதனையை நோய் என்று மட்டும் சுருக்காமலும், வேதனையே இல்லை என்று மறுக்காமலும் பேச முடியும் என்று அவர் எழுத்துகள் காட்டின.

ஆகவே கைக்கெட்டும் சிலவற்றைச் சொல்லிவிடுவோம். திடீரென்று நெஞ்சு அடித்து மூச்சு முட்டும் தாக்குதல் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே இறங்கும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் உடம்பு அடங்கத் தொடங்கும். முதல் முறை வந்தாலோ, நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை முதலில் சொர்க்கமாக இருக்கும். தொடர்ந்தால் அதுவே பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும், திடீரென நிறுத்தவும் முடியாது. மருத்துவர் எழுதித் தரும் பதற்ற மருந்துகளில் பழக்கம் ஆகாதவையும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. அது யாருடைய தயவும் அல்ல.

உரிமை என்று எழுதியவுடன் கேள்வியும் வருகிறது. க.விலக்கு அருகிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போடியிலிருந்து போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும். அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். ஜீப் திரும்பி வரும் மாலை நேரத்தில், ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில், போடியிலேயே ஒரு மனநலப் பிரிவு திறந்திருக்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல. ஜீப்பில் ஆள் எண்ணிக்கை, தோட்டத்தில் கழிப்பிடம், மருந்தடித்த பாத்திக்குள் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்ற விதி, மாலை நேர மருத்துவர் — இந்த நான்கையும் மனநலக் கோரிக்கைகள் என்றே எழுத வேண்டும்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா தங்கள் பயத்தைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களை எழுதி வையுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் அந்தச் சொல் வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தேனி மாவட்டத்துக்கு ஒரு பட்டியல், நீலகிரிக்கு ஒன்று, நாகப்பட்டினத்துக்கு ஒன்று என்று சேர்ந்தால், பெண்களின் பதற்றத்தைப் பற்றித் தமிழில் நமக்கென ஒரு மூல ஆவணம் கிடைக்கும். அதன் பிறகு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதும் மருத்துவரிடமும், ஈஸ்வரியின் ஆண்டுகளைத் தாண்டிப் போகும் திரைக்கதையிடமும் நாம் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.